ஒன்றரை மணிக்கு மேல்

நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அளவு. பதினோரு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. என் வயிற்றுக்குள் இருந்த குழந்தை எந்த நிமிஷத்தில் தவிக்க ஆரம்பித்தாள் என்று நான் தெரிந்துகொண்டதும் ஒரு கிராஃப் தாளில்தான். அந்தத் தாள் எங்கள் வீட்டு பீரோவில், சிட்டா அடங்கலுக்கு நடுவில், ஒன்றரை வருஷம் கிடந்தது.

குழந்தை பெயர் யாழினி. இப்போது இரண்டே முக்கால் வயது. தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. விரல்களை மடக்கி வைத்திருப்பாள், நாம்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். மோட்டார் கொட்டகைப் பக்கம் தூக்கிப் போனால் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு வாய் நிறையச் சிரிப்பாள். கடைசியாக வலிப்பு வந்து நான்கு மாதம் ஆகிறது, அதனால் வீடு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளியில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிரசவத்துக்குப் போகிறவர்களும், அவர்களோடு போய் வராந்தாவில் உட்காருகிறவர்களும் படிக்க வேண்டும்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கம் என் விஷயத்தில் நடக்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்தே போனேன். கணவர் செந்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வர டிக்கெட் எடுத்திருந்தார். குழந்தை அதற்கும் முன்னால் கிளம்பிவிட்டாள்.

கூட வந்தவர்கள் மாமனாரும் மாமியாரும். மாமா ஆறு ஏக்கர் பயிர் வைக்கிறார், அதில் இரண்டு குத்தகை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம், அது தினசரி காலண்டர். காலையில் தாளைக் கிழித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் மூன்றையும் படித்த பிறகுதான் டீயைத் தொடுவார். விதை விடுவது, நாற்றுப் பறிப்பது, டிராக்டருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அந்தத் தாள் சொன்னபடி. நான் விடாமல் கேலி செய்வேன். ராகு காலத்தில் டவர் கிடைக்காது, போனை எடுக்காதீர்கள் மாமா என்பேன். சிரித்துக்கொண்டு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

அன்று புதன்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்குப் பனிக்குடம் உடைந்தது. குழந்தையைச் சுற்றியிருக்கும் தண்ணீர்ப் பை அது. தண்ணீர் தெளிவாக இருந்தது, வலி லேசாக இருந்தது, நான் தெம்பாகவே காரில் ஏறினேன். குறுவை அறுப்பு நேரம். வடுவூர் தாண்டுகிற வரைக்கும் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு களத்தைத் தாண்டும்போதும் டிரைவர் வண்டியை உருட்ட, எந்த ஊர் நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று மாமா ஜன்னல் வழியே பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். என் பயத்தை ஆற்ற அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

தஞ்சாவூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கர்ப்பம் முழுவதும் அங்கேதான் காட்டினேன். பிரசவ அறையைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு சிஸ்டர். ஆயிரம் பிரசவம் பார்த்த கை என்று ஆயாவே சொன்னார். அட்மிஷன் எழுதும்போது பெயர், வயது, ரத்த வகை கேட்ட அதே குரலில் மாமாவைப் பார்த்து, நேரம் ஏதாவது பார்க்கணுமா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. சிசேரியனுக்கு நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர். கேட்டு எழுதிக்கொள்வது ஆஸ்பத்திரிக்கும் பழக்கம்.

மாமா எழுந்து நின்றே சொன்னார். "ராகு காலம் மட்டும் வேணாம்மா. பன்னெண்டுலேருந்து ஒன்றரை. அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எப்ப ஆனாலும் சந்தோஷம்."

சிஸ்டர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். நான் கூடத் திரும்பி மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். பாப்பாவிடம் சொல்லி வைக்கிறேன் மாமா என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒன்பதரைக்கு வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும். மற்றது கர்ப்பப்பை எப்போது இறுகுகிறது என்று பார்க்கும். இரண்டையும் ஒரு மிஷின் நீளமான தாளில் கோடாக வரைந்துகொண்டே போகும். துடிப்பு நிமிஷத்துக்கு நூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபதுக்குள் இருந்தால் சரி. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குதிரை ஓடுவது மாதிரி இருக்கும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு நெல் அரைக்கும் மில் ஓடுகிற மாதிரி இருந்தது. வலி போதாது என்று கையில் டிரிப் ஏற்றினார்கள். அதில் கலந்த மருந்து கர்ப்பப்பையை இன்னும் வேகமாக இறுக்கும். பெரிய டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகப் போகிறது, மதியத்துக்குள் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு இன்னொரு ஊருக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பினார். அவர் கிளம்பியது எனக்குத் தெரியாது. வேறொரு டாக்டர் இருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை.

பதினொன்றே கால் இருக்கும், எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, சிஸ்டர் வந்து மிஷினின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தாள் நகருகிற சரசரப்பு மட்டும் கேட்டது. வலி ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. நடுவில் மூச்சு விட இடமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை அசையவில்லையே என்று சொன்னேன். அது தூங்கும், உங்களுக்கு வலி வருவதுதான் முக்கியம் என்றார் சிஸ்டர். டிரிப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினார். குழந்தையின் துடிப்புக் கோடு இறங்கும்போது அந்த மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்பப் பிறகு தெரிந்தது. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பத்துக்குப் படுக்கையில் ஈரம் பரவியது. பச்சையாக இருந்தது. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை சில சமயம் உள்ளேயே மலம் கழித்துவிடும், தண்ணீர் பச்சையாவது அதனால்தான். சிஸ்டர் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர். என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, வெளியே போய்ப் போன் பேசினார். திரும்பி வந்து டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். எங்கேயிருந்து என்று கேட்டேன். வந்துகொண்டிருக்கிறார் என்று மறுபடி சொன்னார்.

டாக்டரம்மா வந்தது ஒன்று முப்பத்தைந்துக்கு. முகத்தில் பவுடர் கலைந்து வியர்வையாக வந்தார். தாளை எடுத்துப் பார்த்தவர் சிஸ்டரைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். எனக்கு நினைவு இருந்தது, வலி மட்டும் இல்லை. குழந்தையை எடுத்தபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

அழவில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன், வேறென்ன தெரியும் எனக்கு. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. முந்நூற்று நாற்பது வரை எண்ணினேன். அப்போது பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். முகத்தைக் காட்டவில்லை. தஞ்சாவூரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மாமா கூடப் போயிருந்தார். அனுப்புகிற அவசரத்தில் என் ஃபைலில் இருந்த காகிதங்களையெல்லாம் ஒரு கவரில் திணித்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு நாள் நான் ஓர் ஆஸ்பத்திரியில், என் குழந்தை இன்னோர் ஆஸ்பத்திரியில். அங்கே அவளைக் குளிர வைத்திருந்தார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோனால் சேதம் அந்த நேரத்தோடு நிற்காதாம், அடுத்த சில மணி நேரத்தில் மெல்லப் பரவுமாம். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்து மூன்று நாள் அப்படியே வைத்திருந்தால் கொஞ்சம் தடுக்கலாம். முப்பத்து மூன்றரை டிகிரி. பிறந்த குழந்தையைச் சூடாக வைக்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது, என் குழந்தையை மட்டும் குளிர்த் தண்ணீர் ஓடும் மெத்தையில் போட்டிருந்தார்கள்.

வாயை நனைக்க அம்மாவின் சீம்பால் ஒரு சொட்டு கிடைத்தால் நல்லது என்று அங்கிருந்த குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். நான் பிழிந்து கொடுத்ததைச் சின்ன பாட்டிலில் மூடி, தன் துண்டில் சுற்றி, மாமா ஆட்டோவில் கொண்டு போனார். ஒரு நாளைக்கு நாலு தடவை. மாமனார் கையில் அதைக் கொடுக்க எனக்குக் கூச்சம், வாங்க அவருக்கும் கூச்சம். கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டுவார். அத்தை வாங்கிக் கொடுப்பார். போகும்போது, தொட்டுப் பார்த்தேன், காலையைவிட இப்போது பரவாயில்லை என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். சில்லென்று இருந்ததை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் தையலைப் பிடித்துக்கொண்டு நானே போய்த் தொட்டேன். பிரிட்ஜிலிருந்து எடுத்த தக்காளி போல இருந்தது அந்தக் கால். கத்தி அழுதேன்.

அன்று சாயந்திரம் அந்த வராந்தாவில்தான் அத்தை வாய் தவறிச் சொன்னார். பன்னிரண்டே முக்காலுக்கு அந்த சிஸ்டர் வெளியே வந்து, ஆபரேஷனானாலும் ஆகும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாராம்.

"ஒன்றரைக்கு மேல வச்சுக்கலாமாம்மா?"

அப்படித்தான் ஐயா ஆகும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டு உள்ளே போனாராம்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

பதினெட்டு நாள் கழித்து யாழினியை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மூக்கு வழியாக டியூபில் பால். செந்தில் வந்திருந்தார், ஒரு மாதம் இருந்தார், போனார். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெயர் வைத்ததும் வீட்டோடு முடிந்தது. எதிர்த்த வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் கொசு அதிகம் என்று பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரே வீட்டில் ஒன்றரை வருஷம் பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் சுலபம்தான். அவருக்குச் சோறு போட்டு வைப்பேன், கூப்பிட மாட்டேன். குழந்தைக்கு மருந்து தீர்ந்துவிட்டது என்று அத்தையைப் பார்த்துச் சொல்வேன், அவர் செருப்பை மாட்டுவார். வாரத்தில் மூன்று நாள் மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய் யாழினிக்குப் பிசியோதெரபி. நான் ஸ்கூலுக்குப் போகிற நாட்களில் அவர்தான் தூக்கிப் போனார். பஸ்ஸில் யாராவது குழந்தைக்கு என்ன என்று கேட்டால், என் பேத்தி, பெயர் யாழினி என்று மட்டும் பதில் சொல்வாராம்.

காலண்டரை அவர் ஆணியிலிருந்து எடுத்துவிட்டார். பொங்கலுக்கு உரக்கடைக்காரர் புதிதாகக் கொடுத்ததை வாங்காமல் வந்துவிட்டார். அந்த வருஷம் சம்பா நடவை அஷ்டமி அன்று வைத்தார். நடவாட்கள் இரண்டு பேர் வரப்பிலேயே நின்று, ஐயா இன்னைக்கு அஷ்டமி என்றார்களாம். தெரியும் என்று சொல்லிவிட்டு அவரே முதல் நாற்று முடியைப் பிரித்து நட்டாராம். ஊரில் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேச்சு. நான் மனதுக்குள், இப்போது என்ன புண்ணியம் என்று நினைத்தேன். அவ்வளவு கல்லாக இருந்தேன்.

ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட வேண்டும் என்று நானும் செந்திலும் முடிவு செய்தபோது மாமா மட்டும் வேண்டாம் என்றார். பயப்படுகிறார் என்று நினைத்தேன். வக்கீல் நோட்டீஸுக்கு ஆஸ்பத்திரியிடமிருந்து வந்த பதிலைப் பார்த்தபோதுதான் அவர் எதற்குப் பயந்தார் என்று புரிந்தது. என் சிகிச்சையைக் குறித்து வைத்த கேஸ் ஷீட்டின் நகலை இணைத்திருந்தார்கள். உறவினர் விருப்பப்படி பிரசவம் ஒன்றரை மணிக்கு மேல் என்று எழுதி, ராகு காலம் முடியும்வரை காத்திருக்கும்படி குடும்பத்தார் வற்புறுத்தினார்கள், தாமதத்துக்கு அவர்களே பொறுப்பு என்று முடித்திருந்தார்கள். முன்னாடியோ பின்னாடியோ என்று அவர் சொன்னதில் முன்னாடியைக் காணோம். மிஷின் வரைந்த தாள் தங்களிடம் இல்லை என்றும் ஒரு வரி இருந்தது.

செந்தில் போனில் அப்பாவைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டார். மாமா போனை வைத்ததும் பீரோவைத் திறந்து, நிலப் பத்திரம் வைக்கிற மஞ்சள் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அன்று ஆம்புலன்ஸில் ஏறும்போது கையில் கொடுத்த கவர் அப்படியே அதில் இருந்தது. பத்திரம் கெட்டுப்போகக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில், வெயில் படாமல், அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். அந்தத் தாள் சூட்டில் அழிந்துபோகும் வகைத் தாளாம். வேறு யார் வீட்டிலாவது இருந்திருந்தால் இந்நேரம் வெள்ளையாகியிருக்கும்.

கூடத்தில் விரித்தேன். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து பீரோவிலிருந்து சமையல்கட்டு வாசல் வரை நீண்டது. ஒரு சென்டிமீட்டர் ஒரு நிமிஷம். ஓரத்தில் மணி அச்சாகியிருந்தது. கீழே இருந்த கோடு என் வலி, மேலே இருந்த கோடு யாழினி. முதலில் மேல்கோடு நூற்று நாற்பதை ஒட்டி நெளிந்து நெளிந்து போகிறது. அந்த நெளிவுதான் ஆரோக்கியம். பிறகு ஓரிடத்தில், வலி ஏறி இறங்கிய பிறகு, மேல்கோடு பள்ளத்தில் விழுந்து தாமதமாக எழுந்து வருகிறது. அடுத்த வலிக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும். போகப் போகப் பள்ளம் ஆழமாகிறது, எழுந்து வரும் இடத்தில் நெளிவே இல்லை, ஸ்கேல் வைத்துப் போட்டது போல் நேராகக் கிடக்கிறது. நான் தரையில் மண்டியிட்டு முதல் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். அதை நம்பாமல் மறுநாள் தஞ்சாவூருக்குப் போய் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் பென்சிலால் அதே இடத்தைத் தொட்டார். இங்கேயே ஆரம்பித்துவிட்டது, அடுத்த அரை மணிக்குள் எடுத்திருக்க வேண்டும் என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் யாழினியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மாமா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கை நீட்டினார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மாமா என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்க கேட்டது பன்னெண்டே முக்காலுக்கு. பாப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சது பதினொண்ணு இருபத்தொண்ணுக்கு மாமா."

அவர் விரல் மடக்கிக் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்ப ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்துச்சாம்மா?"

"முப்பத்தொம்பது நிமிஷம் இருந்துச்சு."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் நான் வெளியில் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன் என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. குழந்தை தவிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலண்டரையா பார்ப்பேன் என்று கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொன்னேன். யாழினி தண்ணீர் விழும் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேஸ் நுகர்வோர் ஆணையத்தில் நடக்கிறது. போன மாதம் வக்கீல் ஆபீஸில் மாமாவின் பிரமாணப் பத்திரம் தயார் செய்தார்கள். அட்மிஷனின்போது சொன்னதை எழுதுவோம், பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டதை நாமாக எழுத வேண்டாம், அவர்களிடம் அதற்கு ஆதாரம் இல்லை என்றார் வக்கீல். நியாயமான யோசனைதான். நானும் சரி என்றேன். மாமா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இல்லைங்க. அதையும் எழுதுங்க. கேட்டேன்ல. நான் கேட்டதை நான் மறைச்சுட்டு, அவங்க எழுதினதை மட்டும் எப்படிங்க பொய்யின்னு சொல்றது?"

வக்கீல் என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மாமா ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது என் பிரமாணப் பத்திரம். படித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஏழாவது பத்தியில், சுமார் பதினொன்றே கால் மணிக்குச் செவிலியர் கருவியின் ஒலியைக் குறைத்தார் என்று இருந்தது. அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மாமாவோடு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் போய் அதைத் திருத்தச் சொன்னேன். வக்கீல் பெருமூச்சு விட்டார். இதனால் கேஸ் ஒன்றும் ஆகாது, யார் கேட்டாலும் அவர் குறைத்திருக்கக் கூடாது, குறைத்தாலும் தாளைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன. சத்தம் இருந்திருந்தால் ஆறு நிமிஷத்தில் அந்தத் துடிப்பு தடுமாறுவதை நான் கேட்டிருப்பேன். வெளியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அன்றைக்கு வலியில் உயிர் போயிற்று, தலைக்குள் அந்தச் சத்தம் இடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க சிஸ்டர், தலை வலிக்குது" என்றேன். அவர் குறைத்தார். தேங்க்ஸ் சிஸ்டர் என்று சொன்னேன்.